இரண்டு இழுப்பு

மாலை ஐந்தே முக்கால். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் பாதையில் ஒரே ஒரு ஜீப்... அதில் என் சிநேகிதியுடைய நாத்தனாரின் கணவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, புல் விதைத்து, மரக்கன்று நட்டிருந்தார்கள். வேலை சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வந்தவர் அவர். முன்பு அதே சுரங்கத்தின் வாயில், ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டியவர். கீழே இருப்பவர்கள் சைகைக் கயிற்றை இரண்டு முறை இழுத்தால் 'மேலே தூக்கு' என்று அர்த்தம். வெள்ளம் புகுந்த அன்று இரண்டு இழுப்பு வந்தது. கீழே அவருடைய தம்பி. இவர் விஞ்சை விட்டுவிட்டு ஓடிவிட்டார்... வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

"கன்னெல்லாம் நல்லா பிடிச்சிருச்சு சார்," என்றார் காண்ட்ராக்டர். "இந்தக் குழாய் ஒண்ணுதான் பாக்கி. தண்ணி மட்டம் பார்த்துட்டீங்கன்னா கான்கிரீட் போட்டு அடைச்சிரலாம். சீக்கிரம் சார், லேட்டானா என் வீட்டுக்காரி என்னை வெளிய வச்சு அடைச்சிருவா."

பழைய சுரங்கம் வரை இறங்கும் நான்கு விரல் அகலக் குழாய். உள்ளேயிருந்து நனைந்த கரி வாசனை. குண்டு கட்டிய அளவு நாடாவை இறக்கினார். அறுபதாவது மீட்டரில் நின்றது. தண்ணீர்ச் சத்தமே இல்லை.

நாடா இழுபட்டது. ஒன்று... இரண்டு.

"சேத்துல மாட்டியிருக்கும் சார்."

"சேறு எண்ணுமாய்யா?"

நாடாவைச் சுற்றத் தொடங்கினார். கனத்தது. "இருடா தம்பி... இந்தத் தடவை விடமாட்டேன்டா." நாற்பது. இருபது. உள்ளங்கை அறுபட்டு ரத்தம் வந்தது. பத்து... இரும்பில் நகம் தேய்கிற சத்தம்.

"சார், இதுல கையே நுழையாது," என்றார் காண்ட்ராக்டர். இரண்டடி பின்வாங்கினார்.

ஒரு மீட்டர். குழாய்க்குள்ளிருந்து ஒரு மூச்சு, அவர் முகத்தில் ஜில்லென்று பட்டது.

விட்டுவிட்டார்.

நாடா சரசரவென்று உள்ளே ஓடி மறைந்தது. "இப்பவே அடைங்க," என்று கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் கயிறென்று ஒன்றும் கிடையாது. போன வாரம் விவரம் தெரியாத வேலைக்காரி மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டிவிட்டாள். காற்று அசையவில்லை. கொடி விறைத்தது. ஒன்று... இரண்டு.

ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். இன்னும் பிடித்தபடிதான் நிற்கிறார். சோறு ஊட்டுவது சிநேகிதியின் நாத்தனார்தான்.