நெற்றி மேல் ஒரு வெள்ளைக் கற்றை

"ஹலோ... ஹலோ, துறையூரா? மச்சான்! நான்தான், ஹனீஃபா... ஆமா, ஆமா, திருச்சியில எல்லாரும் நல்லா இருக்கோம்... வெச்சிடாதீங்க!"

அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழை. ரெங்கராஜின் மருந்துக் கடையில், இருமல் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான் ஹனீஃபா. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். ஒரு வகுப்பையே தூங்க வைக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு மச்சானைப் பஸ் ஏற வைக்கத் தெரியவில்லை. தங்கை சுராயாவுக்குப் பிறந்த பெண் குழந்தையின் நெற்றி மேல் ஒரு கற்றை முடி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறந்து நாற்பது நாள் கழிந்தும் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக அவள் கணவன் அப்துல் மாலிக் வரவில்லை.

"முடியா? போட்டோமே மொட்டை... ஆமா, திரும்பவும் வெள்ளைதான்... இன்னொரு தடவையா? கறுப்பா வந்தாத்தான் வருவீங்களா? மச்சான், எத்தனை தடவை சிரைச்சாலும் அந்த எடத்துல வெள்ளைதான் முளைக்கும். மொட்டை போட்ட ஒஸ்தா கத்தி மேல தப்பில்ல... என்னது, மாசமா இருக்கப்ப கிரகணமா? உங்கம்மா, மாமி சொன்னாங்களா? சுராயா அன்னிக்கு வெளியவே வரலை. நான்தான் மொட்டை மாடியில நின்னு பாத்தேன். எனக்குத்தான் முடியே இல்லாமப் போச்சு... சிரிங்களேன்!"

மாலிக் சிரிக்கவில்லை. ஹனீஃபா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"சரி, கேளுங்க. உங்க செருப்புக் கடையையே எடுத்துக்குங்க. உடம்புல ஒரு செல்லு ரெண்டாகணும்னா, உள்ள இருக்குற டி.என்.ஏ.வும் ரெண்டாகணும். அது ஜோடிச் செருப்பு. பிரிச்சு வெச்சு, இடதைப் பாத்து ஒரு வலது, வலதைப் பாத்து ஒரு இடது... ஆமா, ஆமா, ரெண்டு ஜோடி! ஒண்ணு கிழிஞ்சாவா? அட, அதான் விஷயம்! கிழிஞ்ச எடத்தை வெட்டிப் போட்டுட்டு, மத்ததைப் பாத்து தானே ஒட்டுப் போட்டுக்குது. ரெண்டு வருஷத்துக்கு முந்திதான் கண்டுபிடிச்சாங்க... தப்பே வராதான்னா, வரும். கோடியில ஒண்ணு கண்ணுல படாமத் தப்பிச்சிடும். தப்பிச்சா அதையே பாத்துத்தான் அப்புறம் தைக்கிறதெல்லாம்... எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிஷம் ஆயிடுச்சா? லைனை வெட்டாதீங்கம்மா, நீட்டிக்குங்க, நீட்டிக்குங்க!... புள்ள முடி வெளுத்ததும் அப்படி ஒரு தப்புதான் மச்சான், இதுல சுராயா என்ன பண்ணுவா? அந்தத் தப்பு உங்க பக்கத்துலயும் நடந்திருக்கலாம்..."

ஹனீஃபா நாக்கைக் கடித்துக்கொண்டான். தங்கை பொழைப்பைக் கெடுக்க இந்த வாய் ஒன்றே போதும்.

"மச்சான்? இருக்கீங்களா?... திரும்பச் சொல்லுங்க... மாமி ஒண்ணுமே சொல்லலையா? அப்ப கிரகணம், மொட்டை எல்லாம்... நீங்களே சொன்னதா?... என்ன பயம்?... தங்காதுன்னா? புள்ள உசுரு தங்காதுன்னா?"

அவனிடம் இப்போது ஒரு வேடிக்கைப் பேச்சும் இல்லை.

"இல்ல மச்சான். இல்ல, இல்ல. முடியில நெறம் இல்ல, அவ்வளவுதான். அல்லா மேல ஆணை. டாக்டரும் பாத்துட்டாரு... கண்ணு நல்லாத் தெரியுது, காது கேக்குது. பாலுக்கு அழுதா தெருவே எந்திரிச்சிடும்... இத்தனை நாளா இதையா நெஞ்சுல வெச்சுக்கிட்டு இருந்தீங்க?... சுராயாவா? அழலை. அதான் எனக்குப் பயமே. மூட்டையைக் கட்டி வாசக்கதவுகிட்ட வெச்சுட்டு, அது மேலயே உக்காந்திருக்கா... பேரா? எங்க வெச்சோம்? வைன்னு எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. பெத்த அத்தா நீங்க வந்து புள்ள காதுல சொன்னாத்தான்னு நிக்கிறா..."

அங்கே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"இப்பவே போன்லயே சொல்றீங்களா? என்ன பேரு நெனச்சு... வேணாம்! சொல்லாதீங்க மச்சான், என்கிட்ட சொல்லாதீங்க! கடையைச் சாத்துங்க. மூணு மணி பஸ்ஸு இருக்கு. உங்க மக காதுல வந்து சொல்லுங்க."

மாலிக் வாயைத் திறப்பதற்குள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சைத் தானே நிறுத்திய ஹனீஃபா, ரிசீவரைப் படக்கென்று வைத்தான்.