மாடி இல்லாத விலை

— இல்ல மேடம், நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

— பேனாவைப் பிடுங்கி உங்க சட்டைப் பையில சொருகிக்கிட்டீங்க. இனிமே கேக்குறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை? சொல்லுங்க, சதவீதம் சார்.

— அந்தப் பேரு இன்னிக்கு மட்டும் வேண்டாம் மேடம். மனசு சரியில்ல.

— அய்யய்யோ. எத்தனை சதவீதம் சரியில்ல?

— மேடம்!

— சரி சரி, பிரேக் போட்டுட்டேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துறவளுக்குப் பிரேக் போடத் தெரியாதா? என்ன ஆச்சு? கீழ்வீட்டுல வாடகைக்கு இருந்ததே போதும், இந்த வீட்டைச் சொந்தமா வாங்க வேண்டாம்னு தோணிடுச்சா?

— ஆசையில மாற்றம் இல்ல. விலையிலதான் கோளாறு. நாம ரெண்டு பேரும் பேசி முடிச்ச விலை, வீட்டு விலை கணிக்கிற அந்த வெப்சைட் சொன்ன விலை. ஒப்பந்தத்தோட இணைச்சு வைக்கலாமேன்னு காலையில அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்தேன். இதைப் படிங்க.

— கண்ணாடி அலமாரியில இருக்கு. நீங்களே படிங்க. உங்க குரல்ல கேட்டாத்தான் கணக்குக்கே ஒரு கம்பீரம்.

— "படுக்கையறை: இரண்டு. குளியலறை: ஒன்று. மாடி: இல்லை."

— சரி.

— என்ன மேடம் சரி? மாடி இல்லைன்னு போட்டிருக்கான்! நாம இப்ப எங்க உட்கார்ந்திருக்கோம்?

— மாடியில.

— வெப்சைட் கணக்குப்படி நீங்க, நான், இந்த சோஃபா, மூணும் ஆகாயத்துல தொங்கிக்கிட்டிருக்கோம்.

— அதான் காத்து இவ்வளவு நல்லா வருது.

— சிரிக்கிற விஷயமில்ல இது. நீங்க படுக்கிற ரூம், அந்தக் குளியலறை, ஜன்னலோரத்துல அடுப்பு வச்சிருக்கிற இடம், எதுக்குமே விலை போடல. வெறும் கீழ்வீட்டுக்குப் போட்ட விலையில முழு வீட்டையும் எனக்கு எழுதிக் குடுக்கப் பார்க்குறீங்க.

— ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம என்னை மாடிப்படியில நிறுத்தி, "மேடம், உங்க வீடு இந்த வாரம் ஒன்றரை சதவீதம் கூடியிருக்கு, அரை சதவீதம் குறைஞ்சிருக்கு"ன்னு செய்தி வாசிச்சீங்களே. அப்பல்லாம் மாடி கண்ணுல படலையா?

— போன்ல விலை மட்டும் மேல பெருசா, பச்சைக் கலர்ல வரும். மத்த விவரம் பார்க்கணும்னா கீழே தள்ளணும்.

— ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட உங்க கட்டைவிரல் கீழே போகலையா?

— போகல.

— இன்சூரன்ஸ் கம்பெனியில புள்ளிவிவரப் பிரிவுக்கே தலைவர் நீங்க.

— அதை ஏன் மேடம் இப்ப ஞாபகப்படுத்துறீங்க? ரெண்டு மாசம் முன்னாடி விலை தொபுக்குன்னு விழுந்துச்சே. மூலை வீடு அண்ணன் தம்பிக்குள்ள குறைஞ்ச விலைக்குக் கைமாறியிருக்கு, கம்ப்யூட்டர் அதைப் பார்த்துட்டுத் தெருவுக்கே விலையை இறக்கிடுச்சுன்னு நானே உங்களுக்கு விளக்கம் குடுத்தேன்.

— அருமையான விளக்கம். நின்னு கேட்டதுல இடுப்புதான் விட்டுப் போச்சு.

— இப்ப யோசிச்சா, ஒரு வீடு கைமாறினதுக்கு அவ்வளவு விழுமா? காரணம் தெரியாத இடத்துல நானா ஒரு காரணத்தைக் கட்டி நிறுத்தியிருக்கேன். என் ஆபீஸ்ல ஒருத்தன் இப்படிச் செஞ்சிருந்தா அன்னிக்கே மெமோ குடுத்திருப்பேன்.

— உங்களுக்கு நீங்களே ஒரு மெமோ குடுத்துட்டு, பேனாவை இப்படிக் குடுங்க.

— முடியாது. விலையைத் திருத்தணும். மாடியைச் சேர்த்துப் பார்த்தா இருபத்திரண்டு சதவீதம் கூடணும்.

— நான் ஒத்துக்க மாட்டேன். மேற்குச் சுவரைப் பார்த்திருக்கீங்களா? மழை வந்தா ஓடி வந்தவன் மாதிரி வேர்த்துக் கொட்டும்.

— அது வெறும் பூச்சு வேலை. சுவர் கல்லு மாதிரி இருக்கு.

— சமையலறைக் குழாய் ராத்திரியெல்லாம் முனகுது.

— எங்களுக்குப் பழகிடுச்சு. அது முனகலைன்னாத்தான் தூக்கம் வராது.

— பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் புகை மொத்தமும் நம்ம ஜன்னல் வழியாத்தான் உள்ள வருது.

— காலை வெயிலும் அதே ஜன்னல் வழியாத்தான் வருது. அதுக்கு வெப்சைட் என்ன விலை போட்டிருக்கு? ஒண்ணுமில்ல! அதையும் சேர்த்தா இருபத்தஞ்சு ஆயிடும்.

— ஏத்திக்கிட்டே போனா நான் இறங்கிடுவேன் சார்.

— என்னங்க இது? கீழே வரைக்கும் சத்தம் கேக்குது. முட்டிவலின்னு வந்தவர் வலியை மறந்துட்டு, "மேல யாருக்கு யாரோட சண்டை"ன்னு காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

— வா டாக்டரம்மா. உன் புருஷன் என் வீட்டை என்கிட்டயே புகழ்றார். காது கொடுத்துக் கேக்க முடியல.

— நான் டாக்டர் இல்ல அக்கா, பிசியோதெரபிஸ்ட்னு எத்தனை தடவை சொல்றது? நான் வெளியில நின்னு கொஞ்சம் கேட்டேன். விக்கிறவங்க இறக்குறீங்க, வாங்குறவர் ஏத்துறார். இப்படி ஒரு பேரத்தை நான் கண்டதில்ல. சொல்லிட்டீங்களாங்க?

— சொல்லிட்டேன். மேடம் காதுல ஏறல.

— அக்கா, காலையில அந்தக் காகிதத்தைக் காட்டினார். பொய் எதுக்கு, சொல்லாம விட்டுடலாம்னு எனக்கு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா நீங்க இடுப்பு ஒடிஞ்சு கிடந்தப்போ உங்களைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏத்தினது இந்த மாடிக்குத்தானே. இப்ப மாடியே இல்லைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

— படியில நான் திட்டின திட்டெல்லாம் ஞாபகம் இருக்கா?

— சில வார்த்தையை அதுக்கு முன்னாடி நான் கேள்விப்பட்டதே இல்ல. டிரைவிங் கத்துக்க வர்றவங்க பாவம்.

— அந்தத் திட்டை வாங்கிக்கிட்டு என்னை நடக்க வச்சே. இனிமே ஸ்டீரிங் பக்கமே போகக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினாங்க. இப்ப தினமும் வண்டியில உட்கார்றேன். ஃபீஸ் குடுத்தா உன் புருஷன் என்னமோ ஒரு வார்த்தை சொன்னார்...

— நலன் முரண்பாடு. குடியிருக்கிற வீட்டு உரிமையாளர்கிட்ட ஃபீஸ் வாங்கினா அது நலன் முரண்பாடு மேடம்.

— கேட்டியா? மிக்ஸி வாங்கிக் குடுத்தேன், பில்லோட திரும்பி வந்துச்சு. வாடகையைக் குறைச்சேன், பழைய வாடகையே கவர்ல போட்டு வந்துச்சு. நன்றி சொல்லலாம்னு வாயைத் திறந்தா, அதுக்கும் ஒரு ரசீது கேப்பார்னு பயந்துட்டேன்.

— நன்றி நாங்கதானேக்கா சொல்லணும். வீல்சேர்ல வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு வாசப்படியை இடிச்சு சாய்வா போட்டுக்கோன்னு சொன்னது நீங்க. எந்த வீட்டுக்காரங்க அப்படிச் சொல்லுவாங்க? முன் ரூம்ல நான் தொழில் ஆரம்பிச்சு, ஒரு ஆளும் வராம ஈ ஓட்டினப்போ, நல்லா இருந்த முட்டியை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு நீங்களே வந்து உட்கார்ந்தீங்க.

— உனக்குத் தெரிஞ்சுதா?

— முட்டியைத் தொட்டுப் பார்த்தாத் தெரியாதாக்கா? அதனாலதான் சொல்றேன், உங்களை ஏமாத்தி இந்த வீடு எங்களுக்கு வேண்டாம். நியாயமான விலைன்னா எங்களால முடியாது. பேங்க்ல கேட்டாச்சு, இதுக்கு மேல தரமாட்டாங்க. அடுக்குமாடி கட்டுறவரோட புரோக்கர் ஒருத்தர் வந்துட்டுப் போறாரே, நீங்க அவருக்கே குடுத்துடுங்க. எவ்வளவுன்னாலும் தர்றேன்னு நிக்கிறார்.

— நிக்கிறான். வீட்டை இடிச்சுட்டுப் பெட்டி பெட்டியா அடுக்குறதுக்கு நிக்கிறான். அந்த முன் ரூம் போயிட்டா உன்கிட்ட வர்றவங்க எங்க போவாங்க?

— வேற இடம் பார்க்கணும். படி இல்லாத வாசலா கிடைக்கணும், அதுதான் கஷ்டம். பார்த்துக்கலாம்க்கா.

— அழாதே. நீ அழுதா நான் யாரை நம்பி அழறது? சார், ஒண்ணு கேக்குறேன். நீங்க கும்பிடுற அந்த வெப்சைட் சொல்ற விலையையேதான் மத்த வெப்சைட்டும் இந்த வீட்டுக்குச் சொல்லுதா?

— காலையில பார்த்தேன். இன்னொண்ணு வேற விலை சொல்லுது. மூணாவது ஒண்ணு இந்த இடத்துல பெட்ரோல் பங்க் இருக்குன்னு சொல்லுது.

— வீட்டுக்குள்ள வந்து யாராவது பார்த்தாங்களா?

— இல்ல. பக்கத்துல என்ன விலைக்குப் போச்சு, எத்தனை ரூம், எவ்வளவு பரப்பு, இதை வச்சு ஒரு உத்தேசம். விலைக்குக் கீழேயே சின்ன எழுத்துல "இதிலிருந்து இது வரை இருக்கலாம்"னு அவங்களே போட்டிருக்காங்க. அந்த இடைவெளியில ஒரு பஸ்ஸைத் திருப்பி நிறுத்தலாம் மேடம்.

— அப்ப நாம பேசின விலை அந்த இடைவெளிக்குள்ள வராதா? வளைச்சு வளைச்சு ஓட்டினா வந்துடும்.

— வராது. மாடியைச் சேர்த்தா எந்தப் பக்கம் ஓட்டினாலும் வராது. மனுஷன் விலை சொன்னா ஆசை கலந்திருக்கும், கம்ப்யூட்டர் சொன்னா கலப்படம் இருக்காதுன்னு உங்களுக்கு நான்தான் பாடம் எடுத்தேன். பேரமே நாகரிகமில்லைன்னு சொன்னேன். வெட்கமா இருக்கு. உங்க போனைக் குடுங்க. வீட்டு உரிமையாளரே அந்த வெப்சைட்டுக்குள்ள போய் ரூம் கணக்கைத் திருத்திக்கலாம், அதுக்கு வசதி இருக்கு. இப்பவே மாடியைச் சேர்த்துடுறேன்.

— என் போன் சார்ஜ்ல கிடக்குது. உயிரே இல்ல அதுக்கு.

— அப்ப நானே புகார் எழுதுறேன். "ஐயா, ஒரு முழு மாடியை விழுங்கிய தங்கள் ஊழியரை உடனடியாக..."

— ஐயோ, வேலையை விட்டுத் தூக்கச் சொல்றீங்களா? பாவம்ங்க, எவளோ ஒருத்தி தூக்கக் கலக்கத்துல தட்டியிருப்பா.

— தூக்கணும்னு எழுதல. பொறுப்பேத்துக்கணும்னு எழுதுறேன். வித்தியாசம் எவ்வளவோ அதைப் பிழை செஞ்சவங்கதான் தாங்கணும். விக்கிறவங்க தலையிலும் கட்டக்கூடாது, வாங்குறவங்க தலையிலும் கட்டக்கூடாது. இது என் கொள்கை.

— அவங்களா ஏத்துக்கிட்டா?

— மறுபேச்சு கிடையாது. ஒப்பந்தம் அப்படியே நிக்கும். ஆனா எந்தக் கம்பெனிக்காரன் மேடம் ஏத்துக்குவான்?

— கம்பெனிக்காரன்னு இல்ல. யாரு பிழை செஞ்சிருந்தாலும் அப்படித்தானா?

— யாரு செஞ்சிருந்தாலும். நானே செஞ்சிருந்தா நானே தாங்குவேன்.

— பாதி வழியில கொள்கையை மாத்திட மாட்டாரே டாக்டரம்மா?

— இவரா? தீயணைப்பு வண்டியே வந்து நின்னாலும் மாத்த மாட்டார். கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னதையே இன்னும் மாத்தல.

— நீ சாட்சி, பார்த்துக்கோ. சார், அந்தப் புகாரை அழிச்சுட்டுப் பேனாவை எடுங்க.

— ஏன் மேடம்?

— ரெண்டு மாசம் முன்னாடி அந்த வெப்சைட்ல இருந்து மாடியை எடுத்தவ நான்தான், சார், குளியலறையோட சேர்த்து, என் கையாலயே. நான் நீட்டினா எதையும் வாங்க மாட்டீங்க, கம்ப்யூட்டர் நீட்டினா ரெண்டு கையாலயும் வாங்கிப்பீங்கன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்.