பிறந்த வீட்டுக் கோடி

மழைக்காலத்தில் தாராவியில் எந்தக் கயிறும் உழைக்காது, சார். நீங்களும் தமிழ்க்காரர், எங்கள் சந்துகளைப் பார்த்திருப்பீர்கள். மாடிக்குப் படிக்கட்டு கிடையாது; சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. அதைப் பிடித்துத்தான் ஏறணும், இறங்கணும். எங்கள் வீட்டில் கயிறு மாற்றுவது எப்போதும் என் பொறுப்பு.

மாடியில் இருந்தது என் அக்கா பானுமதி. புருஷன் போனபின் மகள் ஷர்மிளாவோடு வந்து நின்றாள். நான் முகம் சுளிக்கவில்லை. தாய்மாமன் முறை எல்லாம் செய்து, ஷர்மிளாவை ஆண்டாப் ஹில்லில் கட்டிக்கொடுத்ததும் நான்தான். அக்கா வைக்கும் புளிக்குழம்புக்கு நான் அடிமை.

பிறகு ஏரியாவை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. செத்துப்போன அப்பா பெயரில் இருந்த கீழ் அறைக்குப் பதிலாக ஒரு ஃபிளாட். வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நகை போட்டு அனுப்பினால் அதோடு சரி. சொத்து என்று வரும்போது கூடப்பிறந்தவள் விட்டுக்கொடுத்துவிடுவாள். அதைத்தான் கேட்டேன். தன்மையாகத்தான் கேட்டேன். அக்காவும் கோபப்படவில்லை.

“எலேய் கணேசா, எனக்கும் அவரு அப்பாதாம்ல. எம் பேரையும் சேத்து எழுது. நான் சாகுத வரைக்கும் யாரும் என்னைய வெளிய போன்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.”

அவளை யார் போகச் சொன்னார்கள்? என்னை நம்பவில்லையே என்பதுதான் வலித்தது. வக்கீலிடம் போனால், மகனுக்கு உள்ளது மகளுக்கும் உண்டு என்று கையை விரித்துவிட்டார்.

கயிற்றை மாற்றினேன். புதுக் கயிறு, நல்ல நைலான். முடிச்சை மட்டும் வழக்கமான கம்பியில் போடாமல், பக்கத்தில் இருந்த துருப்பிடித்த ஆணியில் போட்டேன். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் அக்கா குடத்தோடு அவசரமாக இறங்குவாள். ஏணி நனைந்திருந்தது.

ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டது நான்தான். அழுதது நடிப்பில்லை, சார். என் அக்கா.

என்னைக் காட்டிக்கொடுத்தது சேலை. எங்கள் வழக்கத்தில் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்த வேண்டும். சாவு விழுந்த பிறகுதான் கூடப்பிறந்தவன் கடைக்குப் போவான். முன்கூட்டி யாரும் வீட்டில் வாங்கி வைக்க மாட்டார்கள். நான் கிங்ஸ் சர்க்கிள் கடையில் முந்தின வாரமே வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். மழையில் கடை அடைத்திருந்தால் அக்கா கோடியில்லாமல் போய்விடுவாளே என்ற கவலை.

பிணத்தின் மேல் விரிக்கும்போது ஷர்மிளா நிமிர்ந்து பார்த்தாள்.

“மாமா, நீங்க வாசலத் தாண்டவே இல்லியே. இத எப்போ வாங்குனீங்க?”

மெதுவாகத்தான் கேட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அக்கா பங்கு எப்படியும் எனக்குச் சேராது, மகள் ஷர்மிளாவுக்குத்தான் போகும் என்கிறீர்கள். சரி. அவளை ஒரு தடவை இங்கே வரச் சொல்லுங்கள், சார். சின்னப் பெண். அந்தக் கையெழுத்து விஷயத்தைத் தன்மையாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். அவளுக்கும் என்னை விட்டால் பிறந்த வீடு என்று வேறு யார் இருக்கிறார்கள்?