தண்ணீர் இல்லாத அணையில் தற்செயலாக

அணையில் குளிப்பதற்குத் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு போன நான், அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அணையை ஒட்டிய பார்க் பெஞ்சில் பகலைக் கழித்துவிட்டு, நனையாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும். இருவரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள்.

"காஞ்சு கெடக்குற டேமுக்குப் பட்டு கட்டிட்டு வந்து, மாப்பிள்ளை வூட்டாரைத் தற்செயலாப் பாத்தோம்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?" என்றாள் மகள்.

"வூட்டுக்கு வரவெச்சு, அப்புறம் வேணாம்னு ஆயிட்டா ஊரே பேசும்டி. பார்க்குன்னா யாருக்குத் தெரியப்போவுது? அத வுடு, பையன் எப்படி?"

"பரவால்ல. கொழந்தைங்க சறுக்குமரத்துல ஏறி மாட்டிக்கிட்டாருல்ல, அப்ப அவரே சிரிச்சாரு பாரு, அது புடிச்சுது."

"அவங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க."

"அவங்க அடிச்சுக்கட்டும். நீ சரின்னு சொல்லிடு."

நல்லம்பள்ளி தாண்டியதும் அம்மா ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

"மெதுவாப் பேசு. பின்னாடி இருக்கறவரு பார்க்குலயும் நமக்குப் பின்னாடிதான் இருந்தாரு. அவங்க வூட்டு ஆளாத்தான் இருக்கணும். வேவு பாக்க அனுப்பியிருக்காங்க."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். மடியிலிருந்த சோப்பு டப்பாவையும் பார்த்தாள்.

"இவரு அவங்க வூட்டு ஆளுன்னா, எனக்கு அந்த மாப்பிள்ளை வேணாம்மா."