ஐந்தாம் நிலையில் ஆள் இல்லை

செப்டம்பர் முதல் திங்கட்கிழமையன்று எங்கள் ஊரில் யாருக்கும் பல்வலி வரக் கூடாது. வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பல் மருத்துவர் காட்டில் இருப்பார். தபால்காரர், தலைமையாசிரியர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் என்று எல்லோருமே ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் ஸ்டாக்ஹோமிலிருந்து இந்தக் காவல் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எட்டிப் பார்க்காத பிள்ளைகள்கூட எல்க் மான் வேட்டைக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். அவ்வளவு பாசம்.

என் பெயர் எவர்ட். இருபத்திரண்டு வருடம் எங்கள் குழுவுக்கு நான்தான் வேட்டைத் தலைவர். பதினோரு பேர்; பாதி சொந்தம், பாதி நட்பு. தலைவர் என்றால் மாலை மரியாதை எதுவும் கிடையாது. யார் எங்கே உட்காருவது, நாயை எங்கே அவிழ்ப்பது, யார் எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் சுடக் கூடாது, எல்லாம் அவர் தலையில்தான். உட்காரும் இடத்தை நிலை என்போம். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண். காலையில் நெருப்பைச் சுற்றி நின்று பையிலிருந்து சீட்டு எடுப்போம். எந்த எண் வருகிறதோ அங்கே போய் உட்கார வேண்டும். நான் கூப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது.

நாரைச் சதுப்பில் மட்டும் நான் ஒரு தனி விதி வைத்திருந்தேன். சதுப்பின் தெற்கு ஓரத்தில் நான்காம் நிலை. வடக்கு ஓரத்தில், இளம் ஊசியிலை மரங்களுக்குப் பின்னால், ஐந்தாம் நிலை. நேருக்கு நேர். ஆகவே நான்கில் ஆள் இருந்தால் ஐந்தில் ஆள் கிடையாது. ஐந்தாம் சீட்டைப் பைக்குள்ளேயே போட மாட்டேன். நான்கில் உட்காருபவர் கவலையே இல்லாமல் சதுப்பு முழுக்கச் சுடலாம். இருபத்திரண்டு வருடம் இந்த விதி ஒருவரையும் கீறக்கூட விட்டதில்லை. உங்கள் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு பாராட்டு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

சிக்ஸ்டன் என் தங்கை குன்வோரின் கணவன். நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செத்தவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? போன வருடம் வசந்தகாலக் கூட்டத்தில் அவன் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். அதில் ஏதோ ஒரு செயலி. காடு வரைபடமாகத் தெரிந்தது, ஆட்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள்.

"இத போட்டுக்கிட்டா யார் எங்க இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தலைவருக்கும் சுமை குறையும்."

"எனக்கு ஒரு சுமையும் இல்ல" என்றேன்.

"இப்ப இல்ல மச்சான். உனக்கு அறுபத்தெட்டு. காடு மொத்தத்தையும் உன் மண்டைக்குள்ள பூட்டி வச்சிருக்க. ஒரு நாள் ஒரு நம்பர மறந்துடுவ. அன்னைக்கு யாரோ ஒருத்தர் சாவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மற்றவர்களும் சிரித்தார்கள். நாய்க்காரர் ஹோல்கர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். வாக்கெடுப்பில் செயலி ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அடுத்த வருடம் ஜெயித்துவிடும் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

அன்றே முடிவெடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் அவசரக்காரன் இல்லை. அந்தக் கோடை முழுக்க யோசித்தேன். அந்தப் பேச்சை அவன் தபால் நிலையத்தில் சொன்னான், படகுத் துறையில் சொன்னான், என் பிறந்தநாளன்று கேக்கை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான். "நம்பர் ஞாபகம் இருக்கா மச்சான்?" ஒரு மனிதன் எத்தனை முறைதான் சிரிக்க முடியும்?

வேட்டை தொடங்கியது. திங்கள் முதல் புதன்வரை வேறு மலையில் வேட்டை. வியாழக்கிழமை நாரைச் சதுப்பு. காற்று வடமேற்கிலிருந்து வந்தது. அந்தக் காற்றில் கிழக்கு மேட்டில் நாயை அவிழ்த்தால் மான் சதுப்பைக் கடக்கும். நான்கிலிருந்து வெடி கேட்டதும் வடக்கே திரும்பி இளமரங்களைப் பார்த்து ஓடும். இதைத் தெரிந்துகொள்ள செயலி வேண்டாம், இருபத்திரண்டு வருடம் போதும்.

சீட்டில் நான் கை வைக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஏமாற்றுகிற பழக்கம் என்னிடம் கிடையாது. சிக்ஸ்டனுக்கு எட்டு வந்தது. ஆஸ்தாவுக்கு நான்கு வந்தது.

ஆஸ்தா சிக்ஸ்டனின் மகள். முப்பத்தொரு வயது, மருத்துவமனையில் செவிலி. குழுவிலேயே நல்ல கை அவளுக்குத்தான். மான் விழும்வரை சுடுவதை நிறுத்த மாட்டாள். அது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். சீட்டைப் பார்த்தபோது ஒரு நிமிடம் தயங்கினேன், மறைக்கவில்லை. தலைமையாசிரியருக்கு நான்கு வந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் குறி மோசம். இதே காற்று மறுபடி எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்?

ஆட்களை நிலைகளுக்குக் கொண்டுபோய் விடுவது தலைவரின் வேலை. ஆஸ்தாவை முதல் நடையில் இறக்கினேன். சிக்ஸ்டன் கடைசி நடையில், தனியாக. வண்டியில் அவனிடம் சொன்னேன்:

"எட்டுக்குப் போற வழியில ஓடைப் பலகை உடைஞ்சு கெடக்கு. நீ அஞ்சுல உட்காரு."

"அஞ்சா? நாலுல ஆஸ்தா இருக்காளே?"

"அவள ஆறுக்கு மாத்திட்டேன். நாலு இன்னைக்குக் காலி."

"மறக்காம சொன்னியா மச்சான்?"

"சொல்லிட்டேன்."

அவன் என் தோளில் தட்டினான். "பார்றா, இன்னும் ஞாபகம் இருக்கே!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். குடுவையில் காபி, உறையில் கலைமான் இறைச்சி வைத்த ரொட்டி. சந்தோஷமாகத்தான் போனான், ஐந்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. பலகை உண்மையிலேயே உடைந்திருந்தது. சனிக்கிழமையே பார்த்து வைத்திருந்தேன்.

ஹோல்கரிடம் கிழக்கு மேட்டில் நாயை அவிழ்க்கச் சொன்னேன். எட்டரைக்குக் குரைப்பு கேட்டது. நாய் மானை மறித்துக்கொண்டு குரைக்கும்போது, ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் கைவானொலியில் யாரும் பேசக் கூடாது. அதுவும் என் விதிதான். ஒருவரும் மீறவில்லை, கட்டுப்பாடான குழு. எட்டு ஐம்பதுக்கு மூன்று வெடி.

"பெட்டை மான். விழுந்துருச்சு மாமா." ஆஸ்தாவின் குரலில் மகிழ்ச்சி.

"நல்ல வேட்டை" என்றேன். "எல்லாரும் அவங்கவங்க எடத்துலயே இருங்க. நான் கூப்பிடுறேன்."

விழுந்த மானிடம் உடனே போகக் கூடாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகம் இருபது நிமிடம் என்கிறது, நான் நாற்பது நிமிடம் கொடுத்தேன். பிறகு அவளைப் போகச் சொன்னேன். அவள் மானைத் தாண்டி, மரங்களுக்கிடையே ஆரஞ்சு நிறத்தைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு வானொலியில் கேட்டதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அது ரசக்குறைவு.

உங்கள் ஆட்கள் வந்தார்கள், மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஆஸ்தாவை ஆறுக்கு மாற்ற நினைத்திருந்தேன், அவளிடம் சொல்ல மறந்துபோனேன் என்றேன். குறித்துக்கொண்டார்கள். ஒருவர் எனக்குக் கம்பளி போர்த்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்து இறைச்சியைப் பங்கு போட்டோம். மனிதர் போய்விட்டார் என்று இறைச்சியைக் கெட விட முடியுமா? எங்கள் வழக்கம் இதுதான்: பதினோரு குவியல் போடுவோம். ஒருவர் குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். இன்னொருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடி ஒரு பெயர் சொல்வார். அப்போதுதான் பாரபட்சம் இருக்காது. அந்த முறை திரும்பி நின்றவர் ஹோல்கர். நான்காவது குவியலில் பழக்கதோஷத்தில் "சிக்ஸ்டன்" என்றுவிட்டார். ஹோல்கர் சுவரைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தார். நான்தான் நிலைமையைச் சமாளித்தேன். அதை குன்வோருக்குக் கொடுங்கள் என்றேன். நல்ல முதுகுக்கறி இருந்த குவியல்.

எல்லாம் அத்தோடு அடங்கியிருக்கும். போன சனிக்கிழமைதான் கெட்டது.

இந்த வருடக் கூட்டம். செயலியைக் கொண்டுவர ஏகமனதாக முடிவு செய்தார்கள், சிக்ஸ்டனின் நினைவாக. புதிய தலைவர் ஹோல்கர். பிறகு ஆஸ்தா எழுந்தாள். செப்டம்பரிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை, வேலைக்குப் போவதில்லை, துப்பாக்கியை ஏரியில் போட்டுவிட்டாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல மாமா. வயசாச்சு, மறந்துட்டீங்க. யாருக்கு வேணா நடக்கும். அப்பாதான் அப்பவே சொன்னாரே."

எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும், அத்தனை அன்போடு. குன்வோர் என் கன்னத்தைத் தடவி, "பாவம் அண்ணே நீ" என்றாள். யாரோ எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்கள். உட்கார்ந்து தின்றேன். ஓர் ஊரே சேர்ந்து ஒருவனை மன்னிப்பதை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் உங்கள் அறிக்கையை எடுத்துப் படித்தேன். பதினோராம் பக்கம்: 'வேட்டைத் தலைவரின் முதுமை காரணமான மறதியால் நேர்ந்த விபத்து.' சிக்ஸ்டன் சொன்னது அப்படியே, முத்திரை குத்தி, கையெழுத்தோடு.

ஆகவே ஆஸ்தாவுக்காகத்தான் வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை தன்மேல் தப்பு இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும். எனக்கென்று எதுவும் வேண்டாம். எத்தனை வருடம் போட்டாலும் போடுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன். நான்கில் ஆஸ்தா இருந்தாள், ஐந்தில் சிக்ஸ்டன் இருந்தான், இரண்டும் ஒவ்வொரு நொடியும் எனக்கு நினைவில் இருந்தது.

அந்தப் பதினோராம் பக்கத்தை மட்டும் இப்போதே, என் கண் முன்னால், திருத்திவிடுங்கள். என் தலைமையில் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை.