துணிக்கட்டில் வந்த அம்மன்

தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையம் போகும் மாட்டுவண்டியில் எனக்கு எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ராஜபாளையத்து ஜவுளிக்கடை ராவுத்தர். மற்றவர் தளவாய்புரத்திலேயே விவசாயம் பார்க்கும் சம்சாரி. மடியில் துண்டால் சுற்றிய கண்ணாடிச் சட்டம் ஒன்றை வைத்திருந்தார்.

“நீங்க குடுத்த அம்மனை மாத்திக் குடுக்கணும், ராவுத்தரே.”

“நான் துணிதான அண்ணாச்சி குடுத்தேன்?”

“துணிக்கட்டு மேல ஒட்டியிருந்தாவளே, அவியதான்.”

“அது சீமை மில்லுக்காரன் ஒட்டுத சீட்டு. படத்துல இருக்கது யாரோ வெள்ளைக்காரி.”

“கையில சூலம் இருக்கு. பக்கத்துல சிங்கம் இருக்கு. வெள்ளைக்காரிக்கு எதுக்கு அதெல்லாம்?”



“சரி, எதுக்கு மாத்தணும்?”

“முகம் வெளுத்துக் கெடக்குன்னு எம் பொஞ்சாதி மஞ்சளத் தொட்டுப் பூசிட்டா. காஞ்ச பொறவு பாத்தா அப்படியே எங்கம்மா. எங்கூடப் பேசாமலே செத்தவ அவ. இப்பச் சுவத்துல இருந்தும் அதே பார்வைதான் பாக்கா.”



“புதுக் கட்டுல யானைப் படந்தான் வந்திருக்கு.”

“யானை நம்மளப் பாக்குமா?”

“பாக்காது. பக்கவாட்டுல நிக்குது.”

சம்சாரி துண்டை அவிழ்த்தார். ராவுத்தர் கையை நீட்டினார். சம்சாரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் துண்டால் சுற்றினார்.

“வேண்டாம். பெத்தவளக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வந்தான்னு ஊருல பேசுவாவ.”