தூக்கி நிறுத்திய வீட்டின் படி

ராத்திரி மணி இரண்டு இருக்கும். ஆற்றங்கரை ரோடு. வெள்ளம் சாய்த்த லைட் கம்பங்களைத் திரும்ப நட யாரும் வரவில்லை. அந்த இருட்டில் கவுஸ் பாஷா பைக்கில் தனியாக வந்தான்...

கவுஸ் யார் என்றால், இதோ சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே ஜுபைர், அவனுடைய அக்கா புருஷன்.

"ஒண்ணுக்குப் போறவன் இப்பவே போயிட்டு வாங்கடா," என்றான் ஜுபைர். "அப்புறம் எவனும் கீழ எறங்க மாட்டீங்க."

செங்கம் ரோட்டில் நாம் கட்டுகிற இந்த லாட்ஜ் மாதிரி வேலை இல்லை கவுஸுக்கு. இருக்கிற வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவான். கொள்ளிடம் கடலில் சேருகிற பக்கம் ஒரு பள்ளமான ஊர். கூரைவரை தண்ணீர் ஏறிய ஊர். வடிந்ததும் இடிந்த வீட்டைக் கட்டினார்கள், நின்ற வீட்டைத் தூக்கினார்கள். திருவண்ணாமலையிலிருந்து கவுஸின் செட்டு ஆட்கள் அந்த வேலைக்குப் போனார்கள்.

அங்கே தனம் வீடு. புருஷன் இல்லை. ஒரே மகள் பூஜா. ஐந்து வயசு. வெள்ளத்தில் தாயின் கையிலிருந்து நழுவிப் போனவள். உடம்பு கிடைக்கவில்லை... அதனால் தனம் ராத்திரி முழுக்க வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

வீடு ஏறிவிட்டது. அடியில் சுவர் அடைக்கவில்லை, ஜாக்கி மேல்தான் நின்றது.

"வாசல் இவ்ளோ ஒசரம் போயிட்டா பாப்பா எப்படி ஏறி வருவா, பாய்?"

"படி கடைசிலதாம்மா."

"மொதல்ல கட்டிக் குடுங்க."

செட்டில் இருந்த காசி சிரித்தான். "மேஸ்திரி பேய்க்குப் படி கட்றாரு."

கவுஸ் அவனை முறைத்துவிட்டு, சாயங்காலமே கட்டிப் பூசினான்.

ஜாக்கியில் நிற்கிற வீட்டில் ஆள் படுத்தால் வெளியே கொண்டி போடுவது செட்டின் வழக்கம். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து காலை வைத்தால் பள்ளம். அன்றும் போட்டான். பழகின கை. ஊருக்கு வெளியே மண்டபத்தில் படுத்து, நடுவில் விழிப்பு வந்தபோதுதான் உறைத்தது. படி கட்டியாச்சு... கதவை அடைச்சுட்டோமே.

அதற்குத்தான் அந்த பைக்.

மழை இல்லை. தார் காய்ந்து கிடந்தது. ஹெட்லைட்டில்... ஈரக் கால்தடம். சின்னது. ஊர்ப் பக்கமிருந்து எதிரே வந்து, ஆற்றில் இறங்கியிருந்தது. அழுகின வைக்கோல் நாற்றம். அவன் வண்டியை நிறுத்தவில்லை.

படியில் பூச்சு இன்னும் பச்சை. அதில் ஏறின தடம். இறங்கின தடம். கதவில் சேற்று விரல்கள்... கொண்டிக்கு ஒரு சாண் கீழே வரை. அதற்கு மேல் எட்டவில்லை.

கொண்டியை எடுத்தான். தனம் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். நகமெல்லாம் பிய்ந்து ரத்தம். அழவில்லை.

"வந்தா பாய். அம்மா தொறன்னா. நான் உள்ளேர்ந்து இழுக்குறேன், அவ வெளிய தள்ளுறா... அப்புறம் குளுருதும்மான்னா. போயிட்டா."

பூச்சைத் தேய்த்துவிடலாம் என்று கவுஸ் கரணையைத் தேடினான்.

"வுடுங்க பாய். அப்படியே இருக்கட்டும்."

இரண்டு வருஷமாச்சு. போன மாதம் கவுஸ் அந்தப் பக்கம் போனான். பூச்சு கல்லாக இறுகியிருந்தது. அன்றைக்கு அந்தத் தடத்தின் மேல் கையை விரித்து வைத்தால் முழுசாக மூடிவிடும். இப்போதும் வைத்துப் பார்த்திருக்கிறான்...

தடத்தின் கால்விரல்கள் கைக்கு வெளியே தெரிந்தன.

"வளர்ற வயசு பாய்," என்றாளாம் தனம்.